டாங்கி அண்ணையும் ஆடுகிற பிளக்கும்

சோவியத் யூனியன் உடைந்ததால் நேரடியாகப் பயன் பெற்ற ஒரே யாழ்ப்பாணத்தவர், டென்மார்க்கில் எங்கள் ஹேர்னிங் நகரத்து டாங்கி அண்ணைதான். மற்றவர்களுக்கு அதனால் என்ன கிடைத்ததென்று படித்தவர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். அண்ணைக்கு ஒரு எலெக்ட்ரிக் கிற்றார் கிடைத்தது.

பனிப்போர் முடிந்த கையோடு எஸ்பியர்க் துறைமுகத்துக்கு வந்த ரஷ்யக் கப்பல்காரர்கள் தொப்பி, மணிக்கூடு என்று அகப்பட்டதையெல்லாம் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணை ஒரு குளிர் ஜாக்கெட்டையும் இரண்டு போத்தல் மிளகாய்த்தூளையும் கொடுத்துவிட்டுக் கிற்றாரோடு வந்தார். அந்தக் கப்பலில் அன்றைக்கு எத்தனை பேர் அந்தத் தூளைச் சாப்பிட்டார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று தெரியாது.

கிற்றார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். எந்த மனிதன் மடியிலும் பொருந்தாத வடிவம். கதவின் பாரம். எங்களோடு திரைச்சீலைத் தொழிற்சாலையில் வேலை செய்த மணியண்ணை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, "காலமை டாங்கி செய்துபோட்டு, பின்னேரம் மிச்ச இரும்பில இதைச் செய்திருக்கிறாங்கள்" என்றார். அண்ணைக்குப் பட்டப்பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

அதில் ஆறு சுவிச். பக்கத்தில் ரஷ்ய எழுத்து. அண்ணை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக் கொப்பியில் குறித்து வைத்தார். ஐந்துக்கு 'மாற்றமில்லை'. ஆறாவதுக்கு 'தொடக்கூடாது'.

அதன் ஐந்து ஊசிப் பிளக் எங்களிடமிருந்த எந்த அம்பிளிபயரிலும் ஏறவில்லை. யாரோ குப்பைக்கு வைத்திருந்த பழைய மரப்பெட்டி ரேடியோவில்தான் ஏறியது. ஆனால் பிளக் கொஞ்சம் ஆடினால் போதும், கிற்றார் வாயை மூடும், ரேடியோ வாயைத் திறக்கும். நான் தொழிற்சாலையில் மின்சார வேலை பார்த்தவன். பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல, ஷொக் அடித்துப் படித்தது.

"ஈயம் வைச்சு ஒட்டித் தாறன் அண்ணை."

"ரஷ்யன் செய்ததில கை வைக்காதையும் ஐசே."

பகிடியில்லாத விஷயம் ஒன்றும் இருந்தது. ஊரில் அண்ணைக்குப் பேசி முடித்த பெண் வதனி. மூன்று வருடமாக வெறும் கடிதம்தான். தொடக்கத்திலேயே அண்ணை எழுதிவிட்டார்: 'நான் இங்கை கிற்றார் வாசிக்கிறனான். கலியாண நாளண்டைக்கு உமக்கெண்டு ஒரு பாட்டு வாசிப்பன்.' எழுதிய நேரம் அவரிடம் கிற்றாரே இல்லை. வாங்கிய பிறகும் பழகியது ஒரே பாட்டு. அதிலும் முதற்பாதி.

வதனி வந்து பத்தாம் நாள் பள்ளிக்கூட மண்டபத்தில் கலியாணம். தாலி கட்டி முடிய, அண்ணை பிளக்கை ரேடியோவில் செருகிவிட்டு, வேட்டியோடு கிற்றாரைத் தோளில் மாட்டினார்.

"மாப்பிள்ளை, ஒரு கையால வேட்டியைப் பிடியும். இறங்குது" என்றார் மணியண்ணை.

"வாசிக்கிறதுக்கு ரெண்டு கையும் வேணும்."

முதல் மூன்று சுரமும் ஒழுங்காக வந்தன. நாலாவதுக்குப் பதிலாக ஒரு டெனிஷ்காரர் வந்து, மிக அமைதியான குரலில், மேற்குக் கடலில் பலத்த காற்று வீசும் என்று மீனவர்களுக்கு அறிவித்தார். முன்வரிசையில் இருந்த எங்கள் தொழிற்சாலையின் டெனிஷ் போர்மன் பேனையை எடுத்துக் கலியாண அழைப்பிதழின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். மண்டபம் சிரிப்பில் உருண்டது. அண்ணையின் கை நின்றுவிட்டது. எழுதிய கடிதங்களையெல்லாம் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கிறவர் மாதிரி வதனியைப் பார்த்தார்.

வதனி எழும்பினார். கூறைச் சேலையை ஒதுக்கிக்கொண்டு ரேடியோவுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"ஊரில கரண்ட் இல்லை. சைக்கிள் டைனமோவில ரேடியோ கேட்ட ஆள் நான். ஒராள் வயரைப் பிடிச்சுக்கொண்டிருந்தால்தான் செய்தி வரும்." பிளக்கை இரண்டு விரலால் அழுத்தினார். மீனவர்களின் ஆள் பாதி வசனத்தில் மறைந்துபோனார். "நீங்கள் வாசியுங்கோ."

அண்ணை வாசித்தார். பாதியில் நிறுத்தினார்.

"மிச்சம்?"

"அவ்வளவுதான் தெரியும்."

"அப்ப அதையே திருப்பி வாசியுங்கோ."

நாலு தரம் வாசித்தார். சோறு ஆறிப்போனது.

அடுத்த கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணை தேத்தண்ணி எடுத்துவரப் போன இடைவெளியில் பிளக்கை ஈயம் வைத்து ஒட்டிவிட்டேன். அண்ணை வந்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. முகம் சுருங்கிப்போய், குறடு ஒன்றை எடுத்து நான் ஒட்டிய ஈயத்தை உடைத்தார்.

"என்ன அண்ணை, திருத்தினதைப் பழுதாக்கிறியள்?"

வதனி அக்கா நின்ற குசினிப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஐசே, இது ஆடாட்டில் அவள் ஏன் வந்து பக்கத்தில இருக்கப்போறாள்?"

அதற்குப் பிறகு எங்கள் ஆட்களின் ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் அந்தப் பாதிப் பாட்டைக் கேட்டோம். பிளக்கைப் பிடித்தபடி வதனி அக்கா. ஒருமுறை வைலே நகரிலிருந்து வந்த ஒரு பொடியன் "திருத்தித் தரட்டோ?" என்று கேட்டபோது, "அது கிடக்கட்டும்" என்று மறித்தது அண்ணையல்ல, அக்கா.

ஈயமும் சூட்டுக்கோலும் எப்போதும் என் காருக்குள்தான் கிடந்தன. நான் திருத்தாமல் விட்ட பிளக் அது ஒன்றுதான்.