நோர்வேக்காரருக்குப் பிடித்த மாமரம்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குத் திருகோணமலை உப்புவெளியில் கால் வைக்க இடமிருக்காது. கடல் பார்க்க வந்த கூட்டமென்று நினைத்துவிட வேண்டாம். கடல் எப்போதும் அங்கேதான் கிடக்கிறது, அதை யார் மதிக்கிறார்கள்? கூட்டம் ஒரு மூக்கைப் பார்க்க வந்தது.

மூக்கின் சொந்தக்காரர் பெயர் மண்மணச் சித்தர். அடையாள அட்டையில் வெறும் இராகுலன். விற்காமல் கிடந்த ஒரு ஹோட்டலின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, மேடையில் பட்டுத்துணி போர்த்திய கதிரையில் அமர்ந்திருப்பார். நீங்கள் உங்கள் காணியின் நான்கு மூலையிலிருந்தும் ஒரு பிடி மண் அள்ளி, கடைப்பையில் போட்டுக் கொண்டுபோக வேண்டும். அவர் கண்ணை மூடி மணந்து பார்த்து, உங்கள் வீடு ஏன் விலைப்படவில்லை என்று சொல்வார். கட்டணம் காணியின் அளவுப்படி, பேர்ச் கணக்கில். காணி பெரிதென்றால் மூக்குக்கு வேலை கூடத்தானே! எந்த மதத்தவரும் வரலாம். பணத்துக்கு மதமில்லை என்பதில் சித்தர் உறுதியாக இருந்தார்.

வீடு ஏன் விலைப்படவில்லை? அதற்கு ஒரு கதை இருக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன், துறைமுகம் பெரிதாகப் போகிறது, கப்பல்கள் வரிசையில் நிற்கும், வெளிநாட்டு எஞ்சினியர்மார் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள் என்று ஒரு பேச்சு உலாவியது. யார் தொடக்கியது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லாரும் அத்திவாரம் வெட்டினார்கள். தோட்டம் வைத்திருந்தவர் தோட்டத்தில் கட்டினார். வீடு வைத்திருந்தவர் வீட்டின் மேல் கட்டினார். எஞ்சினியர்மாரும் வந்தார்கள். இரண்டு பேர். ஒரு கிழமை தங்கி, நண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மிஞ்சியது வீடுகள். அலஸ்தோட்டத்திலிருந்து நிலாவெளி வரை மதிலுக்கு மதில் 'விற்பனைக்கு' என்று பலகை. விலை குறைந்தது. பிறகும் குறைந்தது. அப்போதும் வாங்க ஆளில்லை. வாங்கக்கூடியவனும் ஒரு வீட்டை விற்கத்தான் நின்றான். இதைப் புரிந்துகொள்ள மூக்குத் தேவையில்லை. ஆனால் ஊருக்கு வந்து சேர்ந்தது மூக்குத்தான்.

கூட்டத்தில் பேணாட் முன்வரிசை. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்றவர். சேமலாப நிதியில் வந்த முழுவதையும் போட்டு, வராத எஞ்சினியருக்காக மேல்மாடி கட்டியவர். அவருக்கு இப்போது ஒரே கனவு, இத்தாலி. அங்கே மலைக்கிராமங்களில் வீடுகள் ஒரு கோப்பை பிளேன்ரீ விலைக்குக் கிடக்கின்றன என்று யூடியூப்பில் பார்த்திருந்தார். இங்கே விற்றால் அங்கே மூன்று வாங்கலாம். ஒன்றில் இருக்கலாம், இரண்டை வாடகைக்கு விடலாம். யாருக்கு என்று கேட்டால் கோபம் வரும்.

கேட்பவர் அவருடைய மனைவி ஞானமலர். தபால் கந்தோரில் இருபத்தாறு வருடமாகக் கடிதம் பிரிப்பவர். பட்டணத்தில் எந்த ஒழுங்கையில் எத்தனையாம் இலக்கத்தில் யார் இருக்கிறார்கள், யார் செத்தார்கள், யார் கனடா போனார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

பேணாட்டின் மண்ணைச் சித்தர் மூன்று தரம் மணந்தார்.

"உப்பு மணக்குது" என்றார். "கண்ணீர். உங்கட வளவில ஒரு ஒல்லாந்தச் சிப்பாய் இருந்து அழுதிருக்கிறான்."

மண்டபம் சிலிர்த்தது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மண் வேறு எதை மணக்கும் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் சித்தரின் உதவியாளர் சுகந்தன் வந்து, ஈசான மூலையில் முழங்காலளவு தோண்டி, கறள் பிடித்த ஒரு பித்தான் எடுத்துக் காட்டினார். டச்சுக் காலத்து ஒல்லாந்தனின் சட்டைப் பித்தானாம். பேணாட் கையெடுத்துக் கும்பிட்டார். ஞானமலர் குனிந்து குழியைப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, இது நாங்கள் வளவு நிரப்பக் கந்தளாயில இருந்து லொறியில கொண்டுவந்த கிரவல் எல்லோ? மூண்டு வருஷம்தானே ஆகுது. ஒல்லாந்தன் எப்பிடி இதுக்குள்ள வந்தவன்?"

"அவன் கந்தளாயில அழுதிருப்பான். பித்தானும் லொறியில வந்திருக்கும்" என்றார் பேணாட். நம்புவது என்று முடிவெடுத்த மனிதனிடம் விடைக்கா பஞ்சம்?

அடுத்த ஞாயிறு அற்புதம் நடந்தது. 'மண் திறந்தால்' வாங்குபவரின் மனதில் வீடு தானாகத் தோன்றுமாம். மேடையில் வைத்தே பேணாட்டின் கைபேசி அடித்தது. வெளிநாட்டு இலக்கம். சித்தர் அதை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"வணக்கம் அங்கிள், நான் நோர்வேயில இருந்து கதைக்கிறன். உங்கட வீட்டை என்ர சித்தப்பா வந்து பார்த்தவர். எனக்கு நல்லாப் பிடிச்சிட்டுது. முன்னுக்கு நிக்கிற மாமரம் என்ன வடிவு! நான் எடுக்கிறன்."

கைதட்டலில் கூரைத் தகடு அதிர்ந்தது. மூதூரிலிருந்து பத்து அறை விடுதியொன்றை விற்க வந்திருந்த றஊப், "நம்மட ஊட்டுக்கும் இவர்தான் போன் எடுத்த. அதிலயும் மாமரத்தத்தான் புகழ்ந்த" என்று பூரித்தார். ஒரு நோர்வேக்காரர் ஊரில் இருக்கும் எல்லா வீட்டையும் எதற்கு வாங்குகிறார்? கேட்டால் பாவம்.

பேணாட் துள்ளிக்கொண்டு வீடு வந்தார். மறுநாளே மோட்டார் சைக்கிளை விற்றார். குளிர்சாதனப்பெட்டிக்கு ஆள் பேசினார். ஞானமலருக்கு முன்கூட்டிய ஓய்வுக் கடிதம் ஒன்று எழுதி வந்து, கையெழுத்து வைக்கச் சொன்னார்.

"எங்கட வளவில எங்க மாமரம்?" என்றார் ஞானமலர்.

பேணாட் யன்னலால் எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு முருங்கை நின்றது.

"வெளிநாட்டில வளந்த பொடியன். முருங்கைக்கும் மாவுக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியுமே?"

இரண்டு கிழமை நோர்வேயிலிருந்து சத்தமில்லை. பேணாட் போய்க் கேட்டார். சித்தர் பழைய பையை மறுபடி மணந்து, இரண்டாவது தடை இருக்கிறது என்றார். சிப்பாய்க்கு ஒரு மனைவி இருந்தாளாம், அவளும் அழுதாளாம். இந்தத் தரம் கட்டணம் இரட்டிப்பு. பேணாட் வீடு வந்து, மனைவியின் கையிலிருந்த இரண்டு காப்பையும் பார்த்தார்.

"ஞானம், இதை மட்டும் தா. இத்தாலியில புதுசு வாங்கித் தாறன்."

ஞானமலர் சத்தம் போடவில்லை. அழவுமில்லை. "ஒரு கிழமை பொறுங்கோ" என்றார். அன்றிரவு அடுப்படியில் இருந்து யோசித்தார். காப்புப் போனால் போகட்டும். இருபத்தாறு வருட வேலையையும் இருக்கிற கூரையையும் ஒரு மூக்குக்குக் கொடுக்கச் சொல்கிறார் மனுசன். அதுவும் நல்ல மனுசன். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

விடிந்ததும் தம்பி மெல்ரோயைக் கூப்பிட்டார். மெல்ரோய் துறைமுகத்தில் சுழியோடி. கப்பலின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியும் பாசியும் சுரண்டுவது அவர் தொழில்.

"தம்பி, எனக்குக் கொஞ்சம் மண் வேணும்."

"எங்கத்தையான் மண் அக்கா?"

"நீ வேலை செய்யிற கப்பலுக்குக் கீழ இருந்து."

மெல்ரோய் சிரித்துக்கொண்டு போனார். அன்று மத்தியானம் துறைமுகத்தின் அடியிலிருந்து ஒரு வாளி சேறு அள்ளி வந்தார். ஞானமலர் அதை மொட்டைமாடியில் பரப்பிக் காயவைத்து, நொறுக்கி, சல்லடையில் அரித்து, நான்கு பிடி அள்ளிப் பையில் போட்டார். சித்தரின் படிவத்தில் விலாசம் எழுத ஒரு இடம் இருந்தது. 'இலக்கம் 9, நங்கூர ஒழுங்கை, திருகோணமலை' என்று தன் அழகான கையெழுத்தில் எழுதினார். அப்படியொரு ஒழுங்கை பட்டணத்தில் கிடையாது. அதை அவரைவிட உறுதியாக யாராலும் சொல்ல முடியாது.

மெல்ரோய் பையோடு போனார். சித்தர் மணந்தார்.

"எல்லைத் தகராறு" என்றார். "உங்கட பூட்டனும் பக்கத்து வளவுக்காரனும் வேலிக்குச் சண்டை பிடிச்சிருக்கினம். வேலிக் கதியால் வெட்டின மணம் இப்பவும் அடிக்குது."

மெல்ரோய் பணிவாகத் தலையாட்டினார். பரிகாரத்துக்குச் சுகந்தன் வருவதாகச் சொன்னபோது, "வளவில தண்ணி நிக்குது, இப்ப தோண்ட ஏலாது" என்றார். அதில் பொய் ஒன்றுமில்லை. இரட்டிப்புக் கட்டணம் தந்தால் தூரத்திலிருந்தே திறக்கலாம் என்றார் சித்தர். ஞானமலர் தன் சம்பளத்திலிருந்து கட்டினார்.

அந்த ஞாயிறு ஞானமலரும் மண்டபத்துக்கு வந்தார். மனைவி மனம் மாறிவிட்டாள் என்று பேணாட் பக்கத்துக் கதிரையைத் துடைத்துக் கொடுத்தார். நான்கரைக்கு மெல்ரோயின் கைபேசி அடித்தது. சித்தர் ஒலிவாங்கியை நீட்டினார்.

"வணக்கம் அண்ணை, நான் நோர்வேயில இருந்து கதைக்கிறன். நங்கூர ஒழுங்கை வீட்டைச் சித்தப்பா போய்ப் பார்த்தவர். நல்ல காத்தோட்டமாம். கிணத்துத் தண்ணி இளநி மாதிரியாம். முன்னுக்கு நிக்கிற மாமரம்..."

கைதட்டல் எழுந்தது. ஞானமலரும் எழுந்தார். மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"தம்பி, சித்தப்பா அந்த வீட்டுக்கு எப்பிடிப் போனவர்?"

"பஸ்ஸில அன்ரி. இறங்கி ரெண்டு நிமிஷ நடை."

"நீந்தியெல்லோ போயிருக்க வேணும்."

மறுமுனை அழைப்பைத் துண்டித்தது. ஞானமலர் கூட்டத்தைப் பார்த்தார்.

"நான் தபால் கந்தோரில வேலை செய்யிறனான். நங்கூர ஒழுங்கை எண்டு இந்தப் பட்டணத்தில ஒண்டுமில்லை. அந்த மண் துறைமுகத்துக்குள்ள, கப்பலுக்குக் கீழ இருந்து என்ர தம்பி அள்ளினது. அங்க வேலியுமில்லை, பூட்டனுமில்லை. மாமரம் நிண்டால் இவன் கண்டிருப்பான்."

"ஒன்பது பாகம், ஒன்பது ஆள் ஆழம். நான் கண்டது மீன்தான்" என்றார் மெல்ரோய்.

சித்தர் அசையவில்லை. கண்ணை மூடித் திறந்தார். "கடல் கொள்ளமுதல் அது நிலம். அந்த வீடு முற்பிறப்பில இருந்தது" என்றார்.

இங்கேதான் நம் சனத்தின் பெருமை இருக்கிறது. பாதிக் கூட்டம் மறுபடி கைதட்டியது! "கடலுக்குள்ள இருக்கிற வீட்டுக்கே ஆள் பிடிச்சவர், எங்கட வீட்டுக்குப் பிடிக்கமாட்டாரே?" என்று ஒருவர் பின்னாலிருந்து கத்தினார்.

பொய்யை உடைக்கலாம். உடைந்த துண்டையும் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்களை என்ன செய்வது?

அப்போது முன்வரிசையிலிருந்து பேணாட் எழுந்தார். முகம் கறுத்திருந்தது.

"மெல்ரோய், அந்த இலக்கத்துக்குத் திருப்பி எடு."

"அத்தான்..."

"எடடா. எங்கட வளவில நிக்கிறது முருங்கை. நான் அவனிட்டை ஒண்டு கேக்க வேணும்."

மெல்ரோய் எடுத்தார். நோர்வேயில் மணி அடித்தது. நோர்வே மேடைக்குப் பின்னாலுள்ள குசினியில் இருந்தது. றஊப்தான் முதலில் ஓடிக் கதவைத் தள்ளினார். உள்ளே அரிசிச் சாக்கின் மேல் சுகந்தன், வெளிநாட்டு சிம் போட்ட கைபேசியை இரண்டு கையாலும் பொத்தியபடி. மடியில் ஒரு கொப்பி. றஊப் அதைப் பறித்துச் சத்தமாக வாசித்தார்: "காத்து, கிணறு, மாமரம். எல்லாருக்கும் இதையே சொல்லவும்."

பிறகு நடந்தது சத்தம். கதிரைகள் விழுந்தன. யாரோ பொலிசுக்கு எடுத்தார்கள். குச்சவெளியிலிருந்து வந்திருந்த ஸஜ்ஜாத் என்பவர், அதுவரை வாயே திறக்காதவர், மெதுவாகச் சொன்னார்: "இந்தச் சித்தருக்கு நம்மட ஊரில ரெண்டு வீடு கிடக்கு. ரெண்டும் விற்க ஏலாமத்தான் கிடக்கு."

தெரிந்தும் ஏன் மண்ணோடு வந்தீர் என்று கேட்டதற்கு, "ஒரு நப்பாசைதான்" என்றார்.

பேணாட் அன்று மனைவியோடு வீடு வந்தார். வாசலில் நின்று, "ஞானம், நான் ஒரு மடையன்" என்றார்.

"ஓம்" என்றார் ஞானமலர். "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?"

இத்தாலி ஆசை உடனே தீரவில்லை. ஞானமலரும் பரிகசிக்கவில்லை. அங்கே நெடுநாள் இருந்து திரும்பிய ஒரு கன்னியாஸ்திரியைக் கொண்டு, அப்படியொரு மலைக்கிராமத்தின் சபைக்கு இரண்டே கேள்வி எழுதுவித்தார். வீட்டுக்குக் கூரை இருக்கிறதா? வீடு வாங்கினால் விசா கிடைக்குமா? மரியாதையான பதில் வந்தது. இல்லை, இல்லை. இளைஞர்கள் பட்டணம் போய்விட்டதால் ஊரில் ஆளில்லை, அதனால்தான் விலை மலிவு என்றும் எழுதியிருந்தார்கள். பேணாட் கடிதத்தை மடித்து வைத்தார். பிறகு யன்னலைத் திறந்து, ஆளில்லாத தன் ஒழுங்கையைப் பார்த்தார்.

மேல்மாடி இப்போது ஈச்சிலம்பற்றிலிருந்து வந்த இரண்டு தாதிமாருக்கு வாடகைக்குப் போயிருக்கிறது. வாடகை எஞ்சினியர் வாடகையல்ல, மனிதர் கட்டக்கூடிய வாடகை. காப்பு கையில் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் போனது போனதுதான்.

சித்தர் பிணையில் வந்துவிட்டார், வேறொரு ஊரில் தண்ணீரை மணக்கிறார் என்று கேள்வி. கூட்டமாம். ஆச்சரியமில்லை. வெறும் வீட்டுக்குக் குடிவர ஆள் தேடி நாங்கள் அலைகிறோம். வெறும் தலைக்கு அந்தக் கவலை இல்லை, குடிவர எவனாவது எப்போதும் வாசலில் நிற்பான். ஆகவே ஐயாமாரே, அம்மாமாரே, வீடு விலைப்படும்போது படட்டும். முதலில் உங்கள் தலைக்குள் நீங்களே குடியேறுங்கள்.