ஓவர்லாக் மெஷினும் ஒட்டுறவு எண்ணும்

இந்தத் தடவை மனைவியிடம் தோற்பதில்லை என்று புள்ளிவிவரம் முடிவு கட்டிவிட்டார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் டீ ஆறிப்போனால்கூட எத்தனை சதவீதம் ஆறியது என்று சொல்கிற மனிதர் என்பதால், அங்கே ஒட்டிய பெயர் வீடு வரைக்கும் வந்துவிட்டது. விஷயம் இதுதான். பேங்க்கில் போட்டிருந்த டெபாசிட் முதிர்ந்து, பணம் கைக்கு வந்திருந்தது. அதன் மேல் அந்த வீட்டில் இரண்டு பேருக்குக் கண். மனைவி வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவள். துணி ஓரம் பிரியாமல் அடித்துத் தருகிற ஓவர்லாக் மெஷின் வேண்டுமென்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். புள்ளிவிவரத்துக்கோ இன்னொரு பங்கு வாங்க வேண்டும். ஏற்கெனவே ஒரு ரெடிமேட் துணிக்கடைக் கம்பெனியின் பங்கை வைத்துக்கொண்டு அவர் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. அது ஏறினால் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி வருவார். இறங்கினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பெருமூச்சு முன்னால் வர அவர் பின்னால் வருவார்.

நேரடியாக மாட்டேன் என்று சொன்னால் அன்றைக்குச் சோறு கிடைக்காது. அதனால் கணக்கில் மடக்குவது என்று திட்டம்.

“மெஷின் வாங்கலாம், வாங்கலாம். யார் வேண்டாம்னா? ஆனா அதுக்கு முன்னாடி ஒட்டுறவு எண் பாக்கணும்.”

“யாருக்கும் யாருக்கும் உறவு?” என்றாள் மனைவி, வாயில் குண்டூசியோடு.

“ரெண்டு பங்குக்கு! ரெண்டும் சேர்ந்தே ஏறி சேர்ந்தே இறங்கினா அந்த எண் ஒண்ணு. அதது பாட்டுக்குப் போனா சைபர். ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணு இறங்கினா மைனஸ் ஒண்ணு. பணத்தைப் பிரிச்சுப் போடறவன் மைனஸாத்தான் தேடணும். ஒண்ணு கவுத்தாலும் இன்னொண்ணு கைகொடுக்கும். புரியுதா?”

“நல்லாப் புரியுது. நீங்க என்ன தேடிவச்சிருக்கீங்க?”

“நூல் மில் பங்கு!”

மனைவி குண்டூசியை எடுத்துவிட்டாள். “கடையில துணி விக்கலேன்னா மில்லுல நூலை யாருங்க வாங்குவா?”

“அட, உனக்குத் தெரியாது. அது வேற கம்பெனி, வேற ஊரு, வேற முதலாளி. போர்டுகூட ஒண்ணு சிவப்பு, ஒண்ணு நீலம்!”

“போட்டுத்தான் பாருங்களேன் அந்த எண்ணை.”

போட்டார். மாதா மாதம் இரண்டு பங்கும் எவ்வளவு ஏறின, இறங்கின என்று கம்ப்யூட்டரில் தட்டினார். வந்ததைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை தட்டினார். கம்ப்யூட்டருக்கு இரக்கம் கிடையாது, அதே எண்தான் வந்தது.

“எவ்வளவு?”

“கிட்டத்தட்ட... ஒண்ணு.”

“அடேங்கப்பா! சிவப்பும் நீலமும் அவ்வளவு சிநேகமா?”

அதோடு எழுந்து போயிருக்கலாம். மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. வந்தால் வாய் சும்மா இருக்குமா?

“இவ்வளவு பேசறியே, என் பங்குக்கு மைனஸா வர்ற ஒண்ணை நீ காட்டு பாப்போம்! மொத்தப் பணத்தையும் அதுலயே போடறேன். சத்தியம்!”

மனைவி நிமிர்ந்து மேலே பார்த்தாள். கூடத்தில் சுவருக்குச் சுவர் ஒரு கம்பி. பிடித்துத் தைக்கவும் தளர்த்தித் தைக்கவும் வந்த பேன்ட், சட்டைகள் அதில்தான் தொங்கும்.

“போன வருஷம் உங்க பங்கு விழுந்து, சாப்பாடே வேண்டாம்னு படுத்துக்கிட்டீங்களே. அப்ப இந்தக் கூடத்துல எப்படி நடந்தீங்க?”

“எங்க நடந்தேன்? இந்தப் பக்கம் பேன்ட்டு, அந்தப் பக்கம் பேன்ட்டு. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பே விட்டுப்போச்சு!”

“அப்புறம் ஏறுச்சு. எனக்கு வாட்ச் வாங்கித் தர்றேன்னு சொல்லி, வாங்கித் தராம விட்டீங்க. அப்ப?”

“அப்ப கம்பி காலி. நல்லா நிமிர்ந்து, கையை வீசிக்கிட்டு...” புள்ளிவிவரம் கம்பியை அண்ணாந்து பார்த்தார்.

“கையில காசு இல்லேன்னா யாரும் புதுசு வாங்க மாட்டாங்க. இருக்கறதைப் பிரிச்சு, கிழிஞ்சதுக்கு ஒட்டுப் போட்டு, என்கிட்ட வந்து தைச்சுப்பாங்க. உங்க கடை தூங்கினா என் மெஷின் ஓடும். எனக்கு எண்ணெல்லாம் தெரியாது. நீங்களே பாத்துச் சொல்லுங்க.”

“வாய்ப்பேச்சு கணக்காகாது!” என்று பாய்ந்தார். ஆனால் தையல்கூலி முழுக்கப் போன் வழியாக, இருவர் பெயரிலும் உள்ள கணக்குக்குத்தான் வருகிறது. பொய் என்று தள்ளவும் வழியில்லை. அந்தக் கூலியையும் தன் பங்கையும் மாதா மாதம் சேர்த்துத் தட்டினார். மைனஸ் பூஜ்யம் புள்ளி எட்டு! பிடிக்காத ஒரு மாதத்தை யாரும் பார்க்காமல் நீக்கிவிட்டுத் தட்டினார். மைனஸ் இன்னும் கூடிப்போயிற்று.

“மைனஸா?”

“மைனஸ்தான்.”

“அதை ஏன் அழுதுக்கிட்டே சொல்றீங்க? மைனஸ்னா நல்லதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

மெஷின் வந்தது. வந்த வேளையோ என்னவோ, பங்கு படுத்தது. புள்ளிவிவரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறினால், மனைவி வாசலிலேயே சிரித்த முகமாக நின்றாள். “விழுந்துடுச்சா? நல்லதாப் போச்சு! உக்காருங்க, இந்தப் பேன்ட்டுக்கெல்லாம் ஹூக் வச்சுக் குடுங்க.” அவரும் உட்கார்ந்து ஹூக் தைத்தார். பொய் சொல்லக் கூடாது, மனுஷனுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். பங்கு விழுந்தும் அவர் நிம்மதியாகச் சாப்பிட்டது அந்த மாதம்தான். ஆபீஸில் பார்த்தவரிடமெல்லாம், “நம்ம வீட்டு மைனஸ் மாதிரி ஊர்ல கிடையாது” என்று பெருமை வேறு.

ஆனாலும் ஒரு நாள் தன் கடைப் பங்கு ஏறும், கம்பி காலியாகும், கூடத்தில் நிமிர்ந்து நடக்கலாம் என்ற ஆசை மட்டும் அவருக்குப் போகவில்லை.

அந்த நாளும் வந்தது. பங்கு ஒரே தாவாகத் தாவிற்று. படியை இரண்டிரண்டாகத் தாண்டினார். கதவைத் தள்ளினார். நெஞ்சை நிமிர்த்தி, தலையைத் தூக்கி, கையை வீசிக் கூடத்துக்குள் காலை வைத்தார். முகம் நேரே ஒரு பேன்ட்டுக்குள் போய்ப் புகுந்தது.

விலக்கிப் பார்த்தால் கம்பி கொள்ளாமல் பேன்ட். எல்லாம் புத்தம் புதுசு. விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

“ஏறியிருக்கும்மா! ஷேர் ஏறியிருக்கு! கம்பி காலியா இல்ல இருக்கணும்?”

“உங்க கம்பெனிக் கடைச் சரக்குதாங்க. விக்கற பேன்ட்டுக்கெல்லாம் நீளம் குறைக்கணும்ல? ஓவர்லாக் இருந்தா அந்த வேலை பூரா உனக்குத்தான்னு கடை மேனேஜர் ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டிருந்தார்.”

புள்ளிவிவரத்துக்குத் தலை சுற்றியது. “அப்ப என் பங்கு விழுந்தாலும் உனக்கு வேலை, ஏறினாலும் வேலையா? அந்த மைனஸ் என்ன ஆச்சு?”

“அது மெஷின் வர்ற வரைக்கும்தாங்க. தலையைக் குனிஞ்சு உள்ள வாங்க, ஓரம் மடிச்சுக் குடுக்கணும்.”