கம்சாவின்ர பத்தடி ஆவணம்

மனிசர் பிறக்கிறது ஒருக்கா, சாகிறது ஒருக்கா. இடையில எத்தனை தரம் போட்டோக்கொப்பி எடுக்கினம் எண்டதுக்கு மட்டும் கணக்கில்லை. இதை நான் சும்மா சொல்லேல்லை. முல்லைத்தீவு பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட பதினொரு வருசமாய்க் கொப்பிக் கடை வைச்சிருக்கிறன். பேர் அனிஸ்ரன். இஞ்ச ஆர் எப்ப பிறந்தது, ஆருக்குக் கணக்குப் பாடத்தில என்ன றிசல்ட் எல்லாம் எனக்குத் தெரியும். கொப்பி எடுக்கேக்க வாசிக்கக்கூடாது எண்டு ஒரு சட்டமும் இல்லைத்தானே.

கொப்பியை விட எனக்குப் பேர் எடுத்துத் தந்தது லமினேற் மிசின். அந்த மிசினின்ர ஆஸ்தான வாடிக்கை றோசம்மா அக்கா. அவா கொக்கிளாய்க் களப்புப் பக்கத்து ஊர் ஒண்டு. ஊரின்ர பேரைச் சொல்லமாட்டன். சொன்னால் எனக்கு அரசாங்கத்திலயிருந்து ஒரு கடிதம் வரும், அதுக்குப் பதிலை மூண்டு பிரதியில குடுக்கோணும். மனிசன் பேதுரு அண்ணை களப்பில இறால் பிடிக்கிறவர். ஒரே மகள் கம்சா.

றோசம்மா அக்கா லமினேற் பண்ணாத கடதாசி அந்த வீட்டில இல்லை. பிறப்புப் பத்திரம், ஞானஸ்நானப் பத்திரம், கிளினிக் கொப்பியின்ர மட்டை, கடைசியாய்க் கரண்ட் பில்.

"அக்கா, உது அடுத்த மாசம் புதுசு வருமெல்லோ?"

"வரட்டும் தம்பி. அதையும் போடுவம்."

நானும் சிரிச்சனான்தான். பிறகு ஒருநாள் ஏன் அக்கா இப்பிடி எண்டு கேட்டுப்போட்டன். ரெண்டாயிரத்தி ஒன்பதில சண்டைக்குள்ள நெஞ்சளவு தண்ணிக்குள்ளால நடந்து வரேக்க, ஒரு கையில மூண்டு வயசுக் கம்சா, மற்றக் கையில சொப்பிங் பாக்கில கடதாசியள். ரெண்டும் நனைஞ்சு போச்சு. "பிள்ளை காய்ஞ்சிட்டாள் தம்பி. கடதாசி காயேல்லை. அவள் பிறந்தவள் எண்டு திரும்பக் காட்ட நாலு வருசம் அலைஞ்சனான்" எண்டா. அண்டைக்குக் கொண்டுவந்ததுக்கு நான் காசு வாங்கேல்லை.

இப்பிடி இருக்கேக்கதான் கம்சாவுக்குக் கம்பஸ் கிடைச்சுது. மீன்பிடி விஞ்ஞானப் பட்டப்படிப்பு. பேதுரு அண்ணை வலையைத் தோளில போட்டுக்கொண்டு, "நாலு வருசம் படிச்சு மீன் எங்க நிக்குது எண்டு கண்டுபிடிக்கப் போறியோ? என்னைக் கேட்டால் இப்பவே காட்டுவனே" எண்டு பகிடி விட்டார். ஆனா களப்புக்குப் போற வழியில காணுற எல்லாரையும் மறிச்சு மறிச்சு விசயத்தைச் சொன்னதும் அவர்தான். ஆள் ஆளுக்கு வந்து வாளி வாங்கு, குடை வாங்கு, கம்பஸ் எண்டால் ஒரு கறுப்புக் கண்ணாடி இல்லாமல் சரிவராது எண்டு புத்தி சொல்லிச்சினம். கண்ணாடி சொன்னவர் ஏழாம் வகுப்போட நிண்டவர்.

இப்ப ஊர் வழமை ஒண்டு இருக்கு. பிள்ளை கம்பஸ் எடுபட்டால் பிள்ளை பெட்டி அடுக்க முதல் சந்தியில பனர் கட்டோணும். கட்டாட்டில் பிள்ளை எடுபடேல்லை எண்டுதான் அர்த்தம். விளையாட்டுக் கழகம் என்னட்ட வந்துது. பத்தடிக்கு ஆறடி பனர், டிசைன் நான்தான். நடுவில கம்சா. மேல 'பேதுரு – றோசம்மா தம்பதிகளின் செல்வப் புதல்வி, எமது மண்ணின் நிரந்தர முத்து, நாளைய கலாநிதி' எண்டு பிறந்த திகதியோட போட்டது. சுத்திவர வாழ்த்துறவையின்ர படங்கள், பதினாலு பேர். கம்சாவின்ர முகத்தை விடப் பெரிசாய் ஒரு படம் இருந்துது. அது கிராம அலுவலர் முத்துலிங்கம் ஐயாவின்ர. அவரே தேடி வந்து படத்தைத் தந்தவர். "தம்பி, கை கூப்பின மாதிரி இருக்கிறதைப் போடும்" எண்டவர்.

கம்பஸிலயிருந்து கடிதம் வந்துது. வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குள்ள நேரில வந்து பதியோணும். 'தவறும் பட்சத்தில் எவ்வித முன்னறிவித்தலுமின்றித் தங்களது அனுமதி இரத்துச் செய்யப்பட்டு அடுத்துள்ளவருக்கு வழங்கப்படும்.' முன்னறிவித்தல் இல்லை எண்டதை அவ்வளவு வடிவாய் முன்னாலயே அறிவிச்சிருந்தினம். ஏழாம் இலக்கத்தில ஒரு விசயம்: வதிவிடத்தை உறுதிப்படுத்தும் பொருட்டு, பிறப்புச் சான்றிதழின்ர மூலப்பிரதியில (கொப்பி செல்லாது), அதின்ர பின்பக்கத்தில கிராம அலுவலரின்ர முத்திரையும் கையொப்பமும் வேணும்.

வியாழக்கிழமை காலமை றோசம்மா அக்கா கண் சிவந்துபோய்க் கடை வாசலில நிக்கிறா. பக்கத்தில கம்சா.

"தம்பி, லமினேற் பண்ணினதில முத்துலிங்கம் ஐயா முத்திரை குத்த மாட்டாராம். நாளைக்குக் கடைசி நாள். என்ர பிள்ளையின்ர படிப்பை நானே பிளாஸ்ரிக் போட்டு மூடிப்போட்டன்."

மூடினது என்ர மிசினெல்லோ? கடையைப் பூட்டிப்போட்டு மோட்டச்சைக்கிளை எடுத்து அவையின்ர பஸ்ஸுக்குப் பின்னால ஐயாவின்ர அலுவலகத்துக்கு விட்டன்.

முத்துலிங்கம் ஐயா நல்ல மனிசன். ஆருக்கும் கெடுதல் நினைக்கமாட்டார். சுற்றுநிருபம் நினைச்சால் அது வேற கதை. அவரின்ர தலைக்கு மேல சுவரில ஒரு சுற்றுநிருபம் தொங்குது: 'லமினேற் செய்யப்பட்ட எந்த ஆவணமும் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது.' மழைச் சாரலில பழுதாகாமல் இருக்க வடிவாய் லமினேற் பண்ணியிருந்துது. நான்தான் பண்ணிக் குடுத்தது.

"ஐயா, ஒருக்காக் குத்திப் பாருங்கோவன்" எண்டன்.

"எனக்கென்ன வஞ்சகமே? பாரும்" எண்டு சொல்லி முத்திரையை மையில ஒத்தி, பத்திரத்தின்ர பின்பக்கத்தில அமத்தினார். மை வழுக்கிப் போச்சு. அதைத் துடைக்கப் போனதில ஐயாவின்ர வெள்ளைச் சேட்டின்ர கையில முத்திரை அச்சொட்டாய் விழுந்துட்டுது.

கம்சா எட்டிப் பார்த்தாள். "ஐயா, அப்ப சேட்டைக் கொண்டுபோகலாமோ?"

"பகிடி விடாதையும் பிள்ளை. சேட் அரசாங்கம் தந்ததில்லை."

"அப்ப புதுப் பத்திரம் ஒண்டு எடுப்பம் ஐயா" எண்டா றோசம்மா அக்கா.

"எடுக்கலாம். பழசு சேதமாப் போச்சு எண்டு நான் உறுதிப்படுத்தோணும்." ஐயா பத்திரத்தைத் தூக்கி வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்தார். "ஆனா இது சேதமாகேல்லையே அம்மா. நல்ல வடிவாய் இருக்கு."

"லமினேற் பண்ணினபடியால்தான் ஐயா வடிவாய் இருக்கு."

"அதுதான் பிரச்சினை. சேதமாகாததைச் சேதமாச்சு எண்டு எழுதினால் அது பொய் உறுதி. பிறகு நான் வேலையை விட்டு வீட்டை போகோணும்."

"அப்ப இப்பவே கிழிச்சுச் சேதமாக்குவமோ?"

ஐயா கதிரையை விட்டு எழும்பிட்டார். "அரச ஆவணத்தை வேணுமெண்டு சேதமாக்கிறது தண்டனைக்குரிய குற்றம்! அதுவும் என்ர கண்ணுக்கு முன்னால!"

அப்ப நிலைமை இதுதான். பத்திரம் நல்லாய் இருக்கிறபடியால் பிரயோசனமில்லை. பழுதாப்போனால் பிரயோசனம். பழுதாக்கினால் மறியலில கம்பி எண்ணோணும். நான் பிளாஸ்ரிக்கை உரிப்பமோ எண்டு யோசிச்சு, என்ர பையில கிடந்த லமினேற் பண்ணின பழைய பில் ஒண்டை மெல்ல உரிச்சுப் பார்த்தன். எழுத்தெல்லாம் பிளாஸ்ரிக்கோட வந்துட்டுது, கடதாசி வெள்ளையாய் நிண்டுது. றோசம்மா அக்கா மகளின்ர பத்திரத்தை நெஞ்சோட அணைச்சுக்கொண்டா.

"அந்தத் தண்ணிக்குள்ளாலயும் கொண்டுவந்து சேர்த்தனான். இந்த மேசையைத் தாண்ட ஏலாமல் கிடக்கே, மாதாவே!" எண்டு வாய்விட்டு அழுதா. ஐயா பாவம், முகத்தைத் திருப்பி யன்னலுக்கு வெளியால பார்த்தார். வெளியில சந்திப் பக்க வேலியில, காத்துக்கு வயிறு ஊதிக்கொண்டு நிக்குது எங்கட பனர். அதுக்குள்ள ஐயா தன்னைப் பார்த்துத் தானே கை கூப்பிக்கொண்டு நிக்கிறார்.

கம்சாவும் அங்கதான் பார்த்தாள்.

"ஐயா, உந்தப் பனரில இருக்கிறது ஆர்?"

"நீர்தான்."

"நிரந்தர முத்து எண்டு போட்டிருக்கே. அப்ப நான் இஞ்சதானே நிரந்தரம்?"

"ஓம்... அப்பிடித்தான் வருது."

"கீழ வாழ்த்துறது?"

ஐயா கொஞ்சம் வெக்கப்பட்டார். "நான்."

"அப்ப அம்மா அப்பா பேரோட, பிறந்த திகதியோட, நான் உங்கட பிரிவு எண்டு நீங்களே ஊருக்கு முன்னால உறுதிப்படுத்தியிருக்கிறியள். அது பொய் உறுதியோ?"

ஐயா அப்பிடியே கதிரையில இருந்திட்டார். சுற்றுநிருபத்தை வரி வரியாய் வாசிச்சார். லமினேற் கூடாது எண்டு இருக்கு. பனர் கூடாது எண்டு ஒரு வரியும் இல்லை. பனர் லமினேற்றும் இல்லை. "பின்பக்கம் என்ன நிறம்?" எண்டு கேட்டார்.

"வெள்ளை" எண்டன்.

பனரை அவிட்டு விறாந்தையில குப்புறப் போட்டம். ஐயா முழங்காலில நிண்டு முத்திரையைக் குத்தினார். 'மறுபக்கத்தில் காணப்படும் செல்வி கம்சா எனது பிரிவில் நிரந்தரமாக வசிப்பவர் என்பதை இத்தால் உறுதிப்படுத்துகின்றேன்' எண்டு அழியாத பேனையால எழுதிக் கையொப்பமும் வைச்சார். மை அப்பிடியே பிடிச்சுது. எனக்குக் கை தட்டோணும் போல இருந்துது.

றோசம்மா அக்கா கண்ணைத் துடைச்சுக்கொண்டு மெல்லக் கேட்டா: "தம்பி, இதை லமினேற் பண்ண ஏலாதோ?"

"அக்கா, தயவு செய்து வாயை மூடுங்கோ."

அடுத்தநாள் விடிய நாங்கள் மூண்டு பேரும் பனரைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினம். பரந்தனில பஸ் மாறேக்க கண்டக்டர் சுருளைப் பார்த்திட்டுக் குரலைத் தாழ்த்தி, "அண்ணை, ஆற்ற செத்தவீடு?" எண்டார்.

"என்ர மகள் கம்பஸ் போறாள்" எண்டா றோசம்மா அக்கா.

கண்டக்டர் கம்சாவைப் பார்த்து, "அப்பிடியே தங்கச்சி, அதுக்கேன் பனரையும் காவிக்கொண்டு போறியள்?" எண்டு கேட்டுப்போட்டு ஒரு சீற் எடுத்துக் குடுத்தார்.

எந்தக் கம்பஸ் எண்டும் சொல்லமாட்டன். நாங்கள் போய்ச் சேர மூண்டு மணி தாண்டிட்டுது. பதிவு மேசையில இருந்த மிஸ் கடிதத்தைப் பார்த்து, "ஏழாம் இலக்கம்?" எண்டா. நானும் றோசம்மா அக்காவும் பனரை மூண்டு மேசையில விரிச்சம். பேனைகள், தேத்தண்ணிக் கோப்பை, ஒரு கணனி எல்லாம் அதுக்குக் கீழ மறைஞ்சு போச்சு. இப்ப எங்களை வெளியால கலைக்கப் போறா எண்டு நினைச்சன்.

மிஸ் கண்ணாடியைப் போட்டா. "முத்திரை எங்க?"

மூலையைத் திருப்பிக் காட்டினன். அவா முத்திரையைப் பார்த்தா, கையொப்பத்தைப் பார்த்தா, திகதியைப் பார்த்தா.

"சரி. ஆனா இது பைலுக்குள்ள போகாது. ஏ-ஃபோர் அளவுக்கு மடிச்சு, ரெண்டு ஓட்டை போட்டுத் தாங்கோ."

முன்பக்கம் என்ன இருக்கு எண்டு அவா பார்க்கவே இல்லை. ஒரு பேச்சுக்கு அதில என்ர படத்தைப் போட்டிருந்தாலும் நான் இண்டைக்கு மீன்பிடி விஞ்ஞானம் படிச்சுக்கொண்டிருப்பன். மடிச்சு மடிச்சு, நான் ஏறி இருந்து அமத்தி, ஓட்டை போடேக்க ஐயாவின்ர கூப்பின கைக்கு நடுவால ஓட்டை போச்சு. நாலு மணிக்குப் பத்து நிமிசம் இருக்கக் கம்சா மாணவி ஆகிட்டாள். றோசம்மா அக்கா அந்த மிஸ்ஸின்ர கையைப் பிடிச்சுக் கொஞ்சிப்போட்டா.

ரெண்டு கிழமையால கம்சா எனக்குப் போன் எடுத்தாள்.

"மாமா, இஞ்ச சீனியர்மாரும் ஒரு சுற்றுநிருபம் வைச்சிருக்கினம். முதல் வருசப் பிள்ளையள் ரெண்டு பின்னல் போடோணும், பைலை இடக்கையில பிடிக்கோணும், கன்ரீனில வடக்குப் பக்கம் இருக்கக்கூடாது. ஏன் எண்டு கேட்டால் 'நாங்களும் அப்பிடித்தான் இருந்தனாங்கள்' எண்டு சொல்லினம். முத்துலிங்கம் ஐயாவே பறுவாயில்லை மாமா, அவர் காரணமாவது சொன்னவர்."

"பொறு பிள்ளை, ஒரு வருசம்தானே" எண்டன். வேற என்னத்தைச் சொல்ல?

அந்த ஒரு வருசமும் ஓடிட்டுது. ஐயாவின்ர கண்டுபிடிப்பு எப்பிடியோ மேல போய், மேலிடம் பரிசீலிச்சு, போன மாசம் புதுப் படிவம் வந்துது. ஏழாம் இலக்கம் திருத்தப்பட்டிருந்துது: 'வாழ்த்துப் பதாகை (பத்தடிக்கு ஆறடி), பின்பக்கத்தில் கிராம அலுவலரின் முத்திரையுடன்.' நான் பனர் அடிக்கிற மிசின் வாங்கிட்டன். சனம் கூடினபடியால் முன்னுக்குக் கண்ணாடி அடைச்சு, நடுவில ஒரு சின்ன ஓட்டை விட்டிருக்கிறன்.

முந்தநாள் கிருசாந்தி எண்ட பிள்ளை படிவத்தோட வந்து நிண்டுது. அந்த நேரம் கம்சாவும் லீவில வந்து கடைக்குள்ள இருந்தவள். தலைமயிரை விரிச்சு விட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டு, சீனியராய் இருந்தாள். ஜூனியர்மாருக்கான ஒழுங்குவிதி எண்டு ஒரு தாளை லமினேற் பண்ணக் கொண்டுவந்தவள்.

கிருசாந்தி ஓட்டைக்குள்ளால குனிஞ்சு கேட்டாள்: "அண்ணை, எங்கட வீட்டில பனர் அடிக்க வசதியில்லை. நாளைக்குத்தான் கடைசி. அக்கா, நீங்கள் கம்பஸ்தானே, இது ஏன் கேக்கினம்?"

கம்சா கண்ணாடியைக் கழட்டேல்லை. "நாங்களும் குடுத்தனாங்கள்தானே" எண்டாள்.

கிருசாந்தி என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லியிருக்கலாம். சும்மா அடிச்சுத் தாறன் பிள்ளை எண்டு சொல்லியிருக்கலாம், றோசம்மா அக்காவுக்கு ஒருக்காச் செய்தனான்தானே. ஆனா நேரம் பன்னிரண்டே கால். நான் 'மதிய இடைவேளை' எண்ட மட்டையை எடுத்து ஓட்டைக்கு முன்னால தொங்கவிட்டன். மழைக்கும் பழுதாகாத மட்டை. நானே லமினேற் பண்ணினது.