தேராவில் இலையுதிர்காலம்

"பிளாஸ்டிக் இலை எல்லாம் தீந்துட்டுதாம்" என்று கடையிலிருந்து வெறுங்கையோடு வந்து நின்றான் ஜாஸ்பர்.

"பூசணி?"

"அதுவும் போச்சு. போன வாரம் வரைக்கும் மலை மாதிரி குவிச்சு வச்சிருந்தானுவ. இப்ப அந்த எடத்துல கிறிஸ்மஸ் மரம் நிக்கி."

அவன் மனைவி பியூலா கலங்கவில்லை. கலங்குகிற வழக்கம் அவள் பரம்பரையிலேயே கிடையாது. சபைக்கு வந்திருக்கும் புதுப் போதகருக்கு முதல் சாப்பாடு யார் வீட்டில் என்று பெரிய போட்டியே நடந்து, அதில் ஜெயித்தவள் அவள். அதோடு, பாஸ்டர் எபனேசரையும் அவர் மனைவி ஹெப்சிபாவையும் பற்றி வேறு யாருக்கும் தெரியாத ஒரு சங்கதி அவளுக்குத் தெரிந்திருந்தது. சபைச் செயலாளர் போனில் சொன்னதைத் தன் காதாலேயே கேட்டாள். பாஸ்டர் பத்து வருஷம் ஊழியம் செய்தது கனடா சர்ச்சில்.

"அங்க இப்ப இலையுதிர்காலம். ஊரே செவப்பும் மஞ்சளுமா கெடக்கும். வாசலுக்கு வாசல் பூசணி வைப்பாங்க. அதெல்லாம் விட்டுட்டு வந்து அந்தப் பாஸ்டரம்மா இந்தத் துபாய் தேரா மணல்காட்டுல எப்பிடி ஏங்கிப் போயிருக்கும்! மத்தவங்க வேணும்னா பிரியாணி போடட்டும். நான் கனடாவையே போடுவேன்."

"வெளிய முப்பத்தி மூணு டிகிரி பியூலா."

"உள்ள ஏசி இருக்குல்லா? நீங்க ரெண்டு கவர் எடுத்துட்டு பார்க்குக்குப் போங்க. அங்க வாதாம் மரம் நிக்கி. அது இலையும் பழுத்தா செவப்புதான்."

ஜாஸ்பர் போனான். ஒரு கட்டடக் கம்பெனியில் இன்ஜினியர் அவன். குப்பைக் கவரோடு குனிந்து குனிந்து இலை பொறுக்கியவனைப் பார்த்த துப்புரவுக்காரர், யாரோ புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆள் என்று எண்ணி, "உதர் பி ஹை பாய், ஜல்தி" என்று அடுத்த மரத்தையும் காட்டிவிட்டு நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பூசணிக்கு பியூலாவே கிளம்பினாள். தெருமுனையில் கௌஸ் முகம்மது பாயின் காய்கறிக் கடை. அங்கே இருந்தது ஒரே ஒரு பூசணி. அதுவும் சாம்பல் பூத்த வெள்ளைப் பூசணி.

"புதுக் கடை தொறக்குறியளா? திருஷ்டிக்கா?" என்று கேட்டார் பாய்.

"சேச்சே, அலங்காரத்துக்கு பாய்."

பாய் அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு எடை போட்டார்.

வெள்ளைப் பூசணியைச் சிவக்க வைப்பதா கஷ்டம்? வீட்டில் கேசரிப் பவுடர் இருந்தது. அதைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, ஃபிளாட்டின் வாசற்படிக்கு வெளியே வைத்தாள். வராந்தாப் புழுக்கத்தில் சாயம் காயவில்லை. வழிந்தது. "அதுவும் ஒரு டிசைன்தான்" என்றாள் பியூலா.

ஹாலில் இலைகளைப் பரப்பினார்கள். அழகாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் இலைகள் நகர ஆரம்பித்தன.

"எறும்பு!" என்று சோபாமேல் ஏறினான் ஜாஸ்பர்.

பியூலா பூச்சி மருந்தை எடுத்து அடித்தாள். எறும்பு செத்தது. ஆனால் வீடு முழுக்க மருந்து நெடி. நெய்ச்சோற்றுக்கும் ஆட்டுக்கறிக்கும்கூட அந்த வாசம் ஏறிவிடும் போலிருந்தது. ஏசியைப் பதினாறில் வைத்தாள். குளிர்ந்ததே தவிர நெடி போகவில்லை.

"பட்டையைக் கொளுத்துவோம். கனடாவுல இந்தக் காலத்துல எல்லாத்துலயும் பட்டைதான்" என்று ஒரு கைப்பிடி பட்டையைத் தட்டில் போட்டு நெருப்பு வைத்தாள்.

கூரையில் இருந்த அலாரம் அலறியது.

"கதவைத் தொறங்க! புகை வெளிய போகட்டும்!"

ஜாஸ்பர் பாய்ந்து கதவைத் திறந்து, பாய்ந்த வேகத்தில் வெளியே கால் வைத்தான். கால் பட்டது பூசணியில். அது உருண்டு எதிர்ச் சுவரில் மோதி, திரும்பி வந்து, வாசல் முன்னாலேயே இரண்டாகப் பிளந்து சிவப்பாய்க் கிடந்தது.

அலாரம் நின்றது. லிஃப்ட் திறந்தது. பாஸ்டரும் பாஸ்டரம்மாவும் வெளியே வந்தார்கள்.

பாஸ்டர் எபனேசர் பூசணியைப் பார்த்தார். உள்ளிருந்து வரும் புகையைப் பார்த்தார். கையிலிருந்த வேதாகமத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"சிஸ்டர்... இது நீங்க வச்சதா?"

"ஆமா பாஸ்டர்! நீங்க வர்றீங்கன்னுதான் வச்சேன்!" என்று பூரித்தாள் பியூலா.

பாஸ்டர் அந்த இடத்திலேயே கண்ணை மூடினார். "ஆண்டவரே, இந்த வீட்டு நிலைக்காலில் இருக்கிற சகல கட்டுகளும் அறுபடட்டும்" என்று தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. எதிர் ஃபிளாட் கதவு திறந்து, பார்த்து, மூடிக்கொண்டது. இரண்டாவது தடவை மூடும்போது தாழ்ப்பாள் சத்தமும் கேட்டது.

"எப்பிடி உருகிட்டாரு பாத்தீங்களா?" என்று கணவன் காதில் கிசுகிசுத்தாள் பியூலா.

பாஸ்டரம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பூசணியைச் சுற்றி உள்ளே வந்தாள். ஹாலைப் பார்த்ததும் நின்றாள்.

"அக்கா, தொடப்பம் இருக்கா?"

"தொடப்பமா?"

"நீங்க சமையலைப் பாருங்க. நான் ஒரு நிமிஷத்துல கூட்டித் தள்ளிருதேன்."

பியூலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சமையலறைக்கு ஓடித் துடைப்பத்தை எடுத்துக்கொண்டே, "அங்கெல்லாம் குடும்பத்தோட இலை கூட்டுறதே ஒரு கொண்டாட்டமாம். அந்த நெனப்பு வந்துட்டு பாவம்" என்றாள் ஜாஸ்பரிடம். துடைப்பத்தைப் பரிசு கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டினாள். பாஸ்டரம்மா மூலைமுடுக்கு விடாமல் கூட்டினாள். செத்த எறும்புகளையும் சேர்த்துத்தான்.

சாப்பாடு அமோகமாக நடந்தது. பாஸ்டர் மூன்று தடவை ஆட்டுக்கறி வாங்கினார். ஒவ்வொரு கவளத்துக்கும் முன்னால் அவர் உதடு மெல்ல ஜெபித்துக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட பக்திமானைப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது பியூலாவுக்கு. பாஸ்டரம்மா முந்தானையைக் காதோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு, பல் தந்தியடிக்க நெய்ச்சோற்றைச் சாப்பிட்டாள்.

"இன்னும் குளுரு வேணுமா?" என்று கேட்டாள் பியூலா.

"இது போதும்க்கா. போதும் போதும்" என்றாள் அவள் அவசரமாக.

விடைபெறும் நேரம் வந்தது. பாஸ்டர் வீட்டின் நான்கு மூலைக்கும் போய் இன்னொரு தடவை ஜெபித்தார். பியூலா பாஸ்டரம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ஜில்லென்றிருந்தன. எத்தனை வீடு விருந்து வைத்தாலும் இந்த வீட்டை இந்த அம்மா மறக்கமாட்டாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"உண்மையைச் சொல்லுங்க பாஸ்டரம்மா. இன்னைக்கு ஒருநாளாவது பழையபடி கனடாவுல இருந்த மாதிரி இருந்துச்சா, இல்லியா?"

பாஸ்டரம்மா புருஷனைப் பார்த்தாள். பிறகு பியூலாவைப் பார்த்தாள்.

"கனடாவா? நாங்க இருந்தது கன்னடா சர்ச்சுலக்கா, ஹூப்ளியில."