நாவுலோ பெட்டியின் முகவரி

நாற்பத்தாறு டாலர் ஐம்பது சென்ட். படகுக்காரர் டொமாசிக்கு இன்டர்நெட் கம்பெனி தரவேண்டிய பெட்டிக்கூலி, அதாவது தீவுக்குப் பெட்டி ஏற்றும் கூலி, அவ்வளவுதான். அதை வாங்குவதற்காக அவர் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே சவுசவு ஊரில் இருக்கும் அதன் அலுவலகத்துக்கு வந்து, என்ஜினியர் எபெலியின் மேசைக்குப் பக்கத்தில், அலமாரியை ஒட்டிக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

"எபெலி, அந்தப் பெட்டிக்கூலி..."

"ஒரு நிமிஷம் மாமா. தலை போற வேலையில இருக்கேன்."

தலை போகிற வேலைதான். எபெலியின் மனைவி பிறந்த ஊர் நாவுலோ தீவு. அங்கே இன்டர்நெட் தந்துகொண்டிருந்த ரவுட்டர் பெட்டி உப்புக்காற்றில் துருப்பிடித்துச் செத்து ஒரு மாதம் ஆகிறது. நாளைக்கு ரக்பி இறுதியாட்டம். ஆட்டத்துக்குள் நெட் வந்துவிடும் என்று எபெலி மாமியார் காலடியில் உட்கார்ந்து, கவா பானக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாக்குக் கொடுத்திருந்தான்.

கம்பெனி ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் வாங்கியது. ஒன்று தீவுக்கு. இன்னொன்று ஒத்திகைக்கு, அது கம்பி மாட்டியபடி அலுவலக அலமாரியிலேயே இருக்கும். எபெலி ஒத்திகைப் பெட்டியில் எல்லாவற்றையும் எழுதிச் சரிபார்த்து, அதையே, முகவரி உட்பட, ஓர் எழுத்துகூட மாறாமல் தீவுப் பெட்டியிலும் ஏற்றித் திங்கட்கிழமை டொமாசியிடம் ஒப்படைத்தான். எந்தத் தீவானாலும் டொமாசிதான் கொண்டுபோய்ச் சிக்னல் கோபுரத்தடியில் மாட்டிவிட்டு வருவார். மஞ்சள் கம்பி மஞ்சள் ஓட்டையில், நீலக் கம்பி நீல ஓட்டையில். அதற்கு மேல் படிப்பு வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை எபெலி தன் கம்ப்யூட்டரிலிருந்து நாவுலோ பெட்டியின் முகவரியைத் தட்டி, உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தான். 'இருக்கிறேன்' என்று உடனே பதில் வந்தது. டொமாசி மாமா மாட்டிவிட்டார் என்று துள்ளினான்.

ஆனால் தீவில் யாருக்கும் நெட் வரவில்லை.

இப்போது போன் அடித்தது. மனைவியின் தம்பி ஜோவெலி. தீவுப் பள்ளிக்கூடத்து வாத்தியார்.

"என்ன மச்சான், நெட் எங்கடா? ஆட்டம் பாக்கக் கூடத்துல வெள்ளைத் துணி கட்டியாச்சு. ரெண்டு பன்னி அடிக்கப் போறோம்."

"பெட்டி உயிரோடதான்டா இருக்கு. நான் கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லுது."

"எங்க அக்கா உனக்குப் பதிலே சொல்றதில்ல. பெட்டியாவது சொல்லுதேன்னு சந்தோஷமா உக்காந்திருக்கியா? ஆட்டம் தெரியலேன்னா கிறிஸ்மஸுக்கு இந்தப் பக்கம் தலை காட்டாதே. நான் சொல்லல, அம்மா சொல்லச் சொன்னாங்க."

முதலாளி கவுண்டர் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றார். பெயர்தான் கவுண்டர். அவருடைய தாத்தாவின் தாத்தா கரும்பு வெட்டக் கப்பலேறி வந்ததோடு தமிழ் முடிந்துபோயிற்று.

"லூப்பேக்கை எங்க வச்சிருக்கே?"

அதுதான் கேள்வி. ஒரு பெட்டிக்கு எத்தனை கம்பியோ அத்தனை முகவரி. கம்பி அறுந்தால் அந்த முகவரியும் போய்விடும். அதனால் எந்தக் கம்பியையும் நம்பாமல், பெட்டிக்குள்ளேயே ஒரு முகவரியை வைப்பார்கள். அதற்கு லூப்பேக் என்று பேர். பெட்டிக்கு மூச்சு இருக்கிறவரை அதுவும் இருக்கும். வலையைத் தீவுக்கு ஒரு வட்டம், எல்லாவற்றையும் இணைக்க நடுவில் ஒரு வட்டம் என்று பிரித்திருப்பார்கள். லூப்பேக்கை எந்த வட்டத்தின் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் அடித்துக்கொள்வார்கள்.

"தீவு வட்டத்துல வச்சிருக்கேன் பாஸ்."

"அதான் கோளாறு. நடு வட்டத்துக்கு மாத்து. எல்லாருக்கும் தெரியற மாதிரி இருக்கணும்."

எபெலி மாற்றினான். தட்டிப் பார்த்தான். கண்ணிமைக்குமுன் பதில்.

"பாருங்க பாஸ், ஒரு மில்லிசெகண்ட்! நாலு மணி நேரப் படகுப் பயணம், ஒரு மில்லிசெகண்ட்ல பதில்!"

"நல்ல சாமான்," என்றார் கவுண்டர். "காசு கொடுத்ததுக்குத் தகும்."

"எபெலி," என்றார் டொமாசி, அலமாரியைப் பார்த்தபடி. "நீ அங்க தட்டறப்பல்லாம் இந்தப் பெட்டி கண்ணடிக்குதுப்பா."

"அது ஒத்திகைப் பெட்டி மாமா. கை வைக்காதீங்க."

டொமாசி கையை மடியில் வைத்துக்கொண்டார்.

பத்து நிமிஷத்தில் மறுபடி போன். நாவுலோவுக்கு இந்தப் பக்கம் இருக்கிற தீவிலிருந்து நர்ஸ். அதுவரை ஒழுங்காக இருந்த நெட் அங்கே இப்போது இல்லையாம்.

"எல்லாரும் நாவுலோ வழியாப் போகப் பாக்கறாங்க," என்று கவுண்டர் தாடையைச் சொறிந்தார். "ஒண்ணு போதாது. ரெண்டு லூப்பேக் வை. வட்டத்துக்கு ஒண்ணு."

இரண்டு வைத்தான். இரண்டும் பதில் சொல்லின. அரைமணியில் வங்கி மானேஜர் அலறினார். பணம் எடுக்கும் மிஷின் நின்றுவிட்டதாம், வாசலில் இருபது பேர் நிற்கிறார்களாம்.

"இதுக்கு நடுவுல," என்று தொண்டையைச் செருமினார் டொமாசி, "அந்தப் பெட்டிக்கூலி..."

"டொமாசி, வவுச்சர்ல மூணு கையெழுத்து வேணும்," என்றார் கவுண்டர். "கணக்குப் பாக்கற பொண்ணு சுவா பட்டணத்துல கல்யாணத்துக்குப் போயிருக்கா. திங்கக்கிழமை வாங்க."

"போன திங்கக்கிழமையும் இதான் சொன்னீங்க."

டொமாசி ஆயுளில் யாரிடமும் கடன் வாங்கியதில்லை, யாருக்கும் கடன் விட்டதுமில்லை. அந்தக் கரையில் அது எல்லாருக்கும் தெரியும். தொப்பியை இன்னொரு முழங்காலில் மாட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தார்.

பதினொன்றரைக்கு எபெலி கடைசி அஸ்திரத்தை எடுத்தான். வட்டாரத்து ரவுட்டர் எல்லாவற்றுக்கும், நாவுலோ லூப்பேக்கைத்தான் முதலில் நம்ப வேண்டும் என்று உத்தரவு போட்டான். நம்பின. சவுசவு முழுக்க நெட் போயிற்று. கவுண்டரின் மனைவி போன் பண்ணி, பார்த்துக்கொண்டிருந்த தொடரில் மருமகள் கதவைத் திறக்கும் நேரத்தில் நின்றுவிட்டது, கதவுக்கு வெளியே யார் என்று உடனே தெரிந்தாக வேண்டும் என்றாள்.

"பாஸ், நாவுலோ மட்டும் பதில் சொல்லுது," என்றான் எபெலி ஈனக்குரலில்.

"ஊரே செத்துக் கிடக்கு. உயிரோட இருக்கிறது உன் மாமியார் வீட்டுப் பெட்டி ஒண்ணுதான். அடேயப்பா, என்னமா வச்சிருக்கே லூப்பேக்கை! எல்லாத்தையும் பழையபடி மாத்துடா!"

பழையபடி மாற்றினான். ஊருக்கு மூச்சு வந்தது. வங்கி வாசல் கலைந்தது. மருமகள் கதவைத் திறந்தாள். நாவுலோ மட்டும் அப்படியே கிடந்தது. தட்டினால் பதில், மற்றபடி ஒன்றுமில்லை.

ஜோவெலி மறுபடி கூப்பிட்டான். "மச்சான், ஒரு பன்னிய அவுத்து விட்டாச்சு. இன்னொண்ணு உன் பதிலுக்காகக் கட்டிக் கிடக்கு. அம்மா உன் கல்யாணப் படத்தைச் சுவத்துல திருப்பி மாட்டிட்டாங்க."

எபெலி போனை வைத்தான். வைத்த கை அப்படியே நெற்றிக்குப் போயிற்று. மூட்டை தூக்கியவன் மாதிரி முதுகு வலித்தது.

"எபெலி," என்றது பக்கத்திலிருந்து அதே குரல். "அந்தப் பெட்டிக்கூலி..."

வேறு நாளாக இருந்தால் கத்தியிருப்பான். இன்றைக்குக் கத்தவும் தெம்பில்லை. தன்னால் தீர்க்கக்கூடிய காரியம் ஒன்றாவது இந்த உலகத்தில் இருக்கட்டும் என்று பர்ஸை எடுத்தான். நாற்பது டாலர் இருந்தது. கவுண்டர் முனகிக்கொண்டே சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஆறு டாலர் ஐம்பது சென்ட் சில்லறை எடுத்து வைத்தார்.

"எண்ணிக்கோங்க மாமா. இதோட கணக்கு தீந்துது. தயவு பண்ணி வீட்டுக்குப் போங்க."

டொமாசி எண்ணினார். சில்லறையை மறுபடி எண்ணினார். சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். முகம் மலர்ந்துவிட்டது. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"வீட்டுக்கு எங்க போறது? ரெண்டு மணிக்குப் படகு. கூலிதான் வந்திருச்சே, திங்கக்கிழமையிலேருந்து என் கிடங்குல கிடக்கிற உன் பெட்டிய இப்ப ஏத்திடறேன்."