ஐந்தாவது நம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். நீயும் அங்கே நலமாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, இதைப் படிக்கும்போது உட்கார்ந்திருக்க வேண்டும். உன்னோடு ஒரே வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ் விடுப்பில் வந்தவர் நாளைக் காலை கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். நம் வீட்டில் ஒரு விஷயத்தைப் போனில் ஒருவரிடம் மட்டும் சொல்ல முடியுமா, நீயே சொல்.

அந்த ஒரு காரணத்துக்காகத்தானே நீயும் உன் பெண் பட்டாணிக்குப் போன் கேட்டாய். போன தடவை பஸ் ஏறும்போது படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. “மாடலு கலரு எல்லாம் உன் இஷ்டம்டி. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அவ எங்கூடத் தனியாப் பேசணும்.” நியாயமான ஆசை. நீ கூப்பிடும்போதெல்லாம் என் போனைச் சாப்பாட்டு மேசையில் தண்ணீர் ஜாடியின் மேல் சாய்த்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, குடும்பமே சுற்றி உட்கார்ந்துகொள்கிறது. அப்பா சிக்னலைப் பற்றிக் கேட்பார், அத்தை தன் மருந்துச்சீட்டை முழுவதுமாக வாசிப்பாள், தம்பி தன் வேனுக்கு வந்த புது ஹாரனை அடித்தே காட்டுவான், கடைசியில் பட்டாணியின் முறை வரும்போது நீ “சாப்டியாடா?” என்பாய், அவள் “ம்” என்பாள், நீ “ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?” என்பாய், அவளுக்குப் பதிலாக அத்தை “நல்லாப் படிக்கிறா, கணக்குல மட்டும் கொஞ்சம் முன்னப்பின்ன” என்பாள், பட்டாணி மறுபடி “ம்” என்பாள். ஆறாம் வகுப்புப் பெண் அம்மாவிடம் பேசுவது மொத்தமும் அந்த இரண்டு ‘ம்’தான்.

போன் வாங்கும் பொறுப்பு, வழக்கம்போல, படித்தவள் என்பதால் என் தலையில் விழுந்தது. இந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியதற்காக எனக்குக் கிடைத்த பரிசு, அச்சடித்த எந்தக் காகிதம் வந்தாலும் நான்தான் படிக்க வேண்டும் என்பது. “நீ படிச்சவ, நீயே பாத்து முடிவு பண்ணு” என்று மூன்று பேரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஆளுக்கொரு முடிவையும் கையில் கொடுத்தார்கள். அப்பாவுக்கு, பார்த்தால் யாருக்கும் திருடத் தோன்றாத போன் வேண்டும். தம்பிக்கு, தூரத்தில் போகும் வண்டியின் நம்பரைப் படமெடுக்கும் போன் வேண்டும். “காதுல வைக்காமப் பேசுற மாதிரி ஒண்ணு இருக்கான்னு கேளு, மூளை சூடாயிடுமாம்” என்றாள் அத்தை. நான் இன்சூரன்ஸ் ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் போன்களையும் பிளான்களையும் ஒப்பிட்டுப் படித்தேன். எது நல்லது, எது ஏமாற்று, எதில் சின்ன எழுத்தில் என்ன ஒளிந்திருக்கிறது, எல்லாம் தெரிந்துகொண்டேன். சாதாரணப் பட்டன் போன், எந்த நம்பருக்கும் கணக்கில்லாமல் பேசும் பிளான், அவ்வளவு போதும் என்று தெளிவாகவே முடிவு செய்தேன். தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லும் பாடத்தை மட்டும் எங்கள் கல்லூரியில் வைக்கவில்லை, அக்கா.

கடையில் கவுண்டருக்குப் பின்னால் என் வயதில் ஒரு பெண் இருந்தாள். மூச்சு விடாமல் பேசினாள், பேசும்போது என் கண்ணைப் பார்த்தே பேசினாள், அதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. “குழந்தைக்கா மேடம்? அப்ப இதைத் தவிர வேற எதையும் எடுத்துக் காட்ட எனக்கு மனசே வராது” என்று ‘கண்மணி பிளான்’ என்ற ஒன்றை எடுத்துப் போட்டாள். “அஞ்சே அஞ்சு நம்பர். அதுலேர்ந்துதான் வரும், அதுக்குத்தான் போகும். வேற எவனும் உள்ள நுழைய முடியாது.” கூட வந்திருந்த அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். முப்பது வருஷம் பேங்க் வாசலில் காவல் நின்றவர் அல்லவா, ஒரு போனுக்கே கேட் போட முடியும் என்றதும் முதுகு நிமிர்ந்துவிட்டது. “இதாம்மா பிளான்!” என்றார். நான் ‘வேண்டாம்’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது “சரிங்க.” என்ன கலர் என்றாள், “எதுன்னாலும் சரிங்க” என்றேன், யாருமே வாங்காமல் கிடந்த ஒரு கடுகு நிறத்தைச் சந்தோஷமாக எடுத்துத் துடைத்தாள்.

அடுத்துத்தான் நடந்தது. இதை எழுதக் கை வரவில்லை. “வீட்டுல யார் யாரு மேடம்?” என்று கேட்டாள். வீடு என்றதும் நான் நம் வீட்டில் ராத்திரி பாய் விரிக்கிறவர்களை எண்ணிவிட்டேன். அப்பா, அத்தை, தம்பி, நான். “நாலாச்சு. அஞ்சாவது?” என்றாள். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் உடைந்த போனை ஆட்டி ஆட்டிப் பெருமூச்சு விட்டார். எனக்குத் தலைக்குள் ஒன்றுமே இல்லை. பட்டாணி என் கையைப் பிடித்து இழுத்தாள், ஏதோ சொல்ல வந்தாள். “சும்மா இருடி, அவங்க கேக்குறாங்கல்ல” என்று அவளை அடக்கிவிட்டு, அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பி, அதிலிருந்த பள்ளிக்கூடத்து நம்பரைப் படித்துச் சொன்னேன். மாமா உயிரோடு இருந்திருந்தால் தன் பெண்ணுக்காகக் கடையில் அவரே பேசியிருப்பார், இந்தக் கூத்தெல்லாம் நடந்தே இருக்காது. பட்டியலை மாற்ற ஒரு ரகசிய எண் வைக்க வேண்டும் என்றதும் அப்பா என்னையும் அந்தக் கடைக்காரப் பெண்ணையும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார். நின்றோம்.

வீட்டுக்கு வந்ததும் ஒரே திருவிழாக் கூச்சல். அடுத்த அறையிலிருந்து அப்பா கூப்பிட்டு “யாரு பேசுறது?” என்று கேட்க, பட்டாணி “தாத்தா, இங்கதான் இருக்கேன்” என்று எட்டிப் பார்த்துச் சொன்னாள். அத்தை கூப்பிட்டாள். தம்பி மாடிப்படியிலிருந்து கூப்பிட்டான். எல்லாம் முடிந்தபின் நான் பெருமையாக, “சரி, இப்ப அம்மாவுக்குப் போடு” என்றேன். அவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அம்மா நம்பர் இதுல இல்லியே, சித்தி.”

யாருக்கும் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை, அக்கா. அப்புறம் யாருடைய நம்பரை எடுப்பது என்று ஆரம்பித்தது பார். “என்னுத எடுங்க” என்று நான் சொன்னேன். “அவசரத்துக்கு ஒரு படிச்சவ வேணாமா?” என்றார் அப்பா. தம்பி, “ரோட்டுல எதுன்னா ஆச்சுன்னா வண்டி வேணும்ல, நான் இருக்கணும்” என்றான். அத்தையோ, “எனக்கு நெஞ்ச அடச்சுதுன்னா நான் யாருக்குப் போன் பண்றது?” என்றாள். “ஆறாங்கிளாஸ் புள்ளைக்கா பண்ணுவ?” என்று தம்பி கேட்க, அவள் அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. பள்ளிக்கூடத்தை எடுக்கலாம் என்றால் அப்பாவுக்குப் பள்ளிக்கூடம் என்றாலே பயம், தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கிடைக்காமல் போய்விட்டால் டி.சி. கொடுத்துவிடுவார்களாம். சரி, ரகசிய எண்ணையாவது சொல்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். “கேட்டவங்களுக்கெல்லாம் தொறந்துவுட்டா அது என்ன காவல்? அட்டை இல்லாம வந்தாருன்னு மேனேஜரையே வெளியில நிக்க வச்சவன் நான்.” “அப்பா, வெளியில நிக்கிறது உங்க பெரிய பொண்ணு” என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை எதிர்த்து ஒரு வார்த்தை. அவர் எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார். அதிலிருந்து அந்தப் பேச்சை எடுத்தாலே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார். நான் வேண்டுமென்றே பிடிவாதம் என்று நினைத்தேன். இப்போது பார்த்தால் வெட்கம் என்றுதான் தோன்றுகிறது.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். நீ ஒரு வார்த்தைகூடக் கேட்காததைத்தான் தாங்க முடியவில்லை. என் போனுக்குக் கூப்பிடுகிறாய், சிரித்துப் பேசுகிறாய், பட்டாணியின் போன் என்ன ஆச்சு என்று கேட்பதே இல்லை. நீ அவளைக் கூப்பிட்டுப் பார்த்திருப்பாய். கூப்பிட்டால் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள நானும் ஆபீஸ் போனிலிருந்து கூப்பிட்டேன். ஒரு இனிமையான குரல், “நீங்கள் இந்தக் குழந்தையின் நம்பிக்கைக்குரியவர் பட்டியலில் இல்லை, நன்றி” என்றது. ரிசீவரை வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பெற்றவள் அந்தக் குரலைக் கேட்டிருப்பாளே, அதுவும் டூட்டி முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டிருப்பாளே என்று நினைக்க நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாமல் இருக்கிறாயே, அதுதான் கொல்கிறது.

அப்பாவை ஒன்றும் சொல்லாதே. தப்பு முழுக்க என்னுடையது. சனிக்கிழமை நானே அந்தக் கடைக்குப் போய், அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்து, “எனக்கு இந்தப் பிளான் வேண்டாம்” என்று சொல்லப்போகிறேன். கண்ணாடி முன்னால் சொல்லிப் பழகுகிறேன். கண்ணாடியிடமே இன்னும் “சரிங்க”தான் வருகிறது.

அப்பா தன் ஆசிகளை வாய்விட்டுச் சொல்லாமல் அனுப்புகிறார். அத்தை உன் முட்டிவலியைக் கேட்கச் சொன்னாள், கூடவே தன்னுடையதையும் தெரிவிக்கச் சொன்னாள். தம்பி நலம், ஹாரனும் நலம். நேரத்துக்குச் சாப்பிடு. என்னை மன்னிக்க முடிந்தால் மன்னி.

என்றும் உன் அன்பில் ஒதுங்கி நிற்கும்,
தங்கை

பி.கு.: கவரை ஒட்டும்போது பட்டாணி வந்து, அம்மாவுக்கு என்ன எழுதினாய் என்று கேட்டாள். சொன்னேன். “இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியுமே சித்தி” என்றாள். தாத்தா அன்றைக்குக் கடைக்குக் கண்ணாடி கொண்டுவரவில்லையாம், ரகசிய எண்ணைக் காதில் சொல்லி இவளைத்தான் அழுத்தச் சொன்னாராம். அன்று ராத்திரியே பள்ளிக்கூடத்தை எடுத்துவிட்டு உன்னைப் போட்டுவிட்டாளாம். தினமும் பேசுகிறீர்களாம். “எங்கிட்ட ஏண்டி சொல்லல?” என்றேன். “உங்கிட்டச் சொன்னா அதையும் ஸ்பீக்கர்ல போட்டுருப்ப” என்றாள். நீயும் சொல்ல வேண்டாம் என்று இவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாய். சரிதான். ஆகவே மேலே உள்ளது எதையும் படிக்காதே. வேறு எழுத நேரமில்லை, அதனால் இதையே அனுப்புகிறேன். தினமும் அப்படி என்னதான் பேசுவீர்கள் என்று கேட்டுப் பார்த்தேன். “அது எங்களுக்குள்ள” என்று கதவைச் சாத்திக்கொண்டாள். நீ என்னிடம் கேட்டது அதைத்தானே, அக்கா. வெளியே நின்றபடி, கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.