பைனல் வரை போனவர்

இன்று உங்களுக்கு ஒரு தனி இனத்தை அறிமுகம் செய்து வைக்கப் போகிறேன். பெயர், பைனல் வரை போனவர்.

வென்றவர் அல்ல. வென்றவரில் என்ன இருக்கிறது? கோப்பையை வாங்குகிறார், கைதட்டுகிறார்கள், படம் பிடிக்கிறார்கள், அடுத்த வருஷம் அதே கோப்பையை இன்னொருவர் வாங்குகிறார், முதலாமவருடைய பெயர் பலகையில் சாயம் மங்கிப் போகிறது. ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தெட்டில் மாகாணப் பெரிய ரெனிஸ் போட்டியில் வென்றவர் யார்? தெரியாது. இருபத்தொன்பதில்? அதுவும் தெரியாது. ஆனால் இருபத்தேழில் வெல்லாதவர் யாரென்று ஊர்காவற்றுறைத் துறையடியில் மேய்கிற ஆட்டைக் கேட்டாலும் சொல்லும்.

அவர்தான் திருவாளர் விநாயகமூர்த்தி. துறையடிக் கந்தோர் ஒன்றில் பெரிய கிளாக்கர். வயது நாற்பத்திரண்டு. முழங்கால் பிசகியதால் இப்போது ஆடுவதில்லை; ஆனாலும் சனிக்கிழமை தோறும் வெள்ளைச் சப்பாத்துக்கு வெள்ளை பூசி வெயிலில் காய வைத்து, பின்னேரம் அதை மாட்டிக்கொண்டு கடற்கரையோரம் புற்றுமண் போட்டு இறுக்கிய ரெனிஸ் தரைக்கு வந்து, கதிரையில் காலை நீட்டி உட்காருவார். ஆடுகிறவர்கள் அவரைப் பார்க்க வேண்டியதில்லை. சப்பாத்தைப் பார்த்தால் போதும்.

இந்த இனத்தை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? மிகவும் சுலபம். இவர் தன் கதையைத் தானாகத் தொடங்கவே மாட்டார். அவ்வளவு அடக்கம். காற்றைத் தொடங்க விடுவார்.

"இண்டைக்குச் சோளகம் கொஞ்சம் பலம் போலை."

அவ்வளவுதான். அனுபவசாலிகளுக்கு அது போதும். ஒருவருக்கு மாட்டைக் கட்டாமல் வந்தது நினைவுக்கு வரும், இன்னொருவருக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடும், புதிதாக மாற்றலாகி வந்த அப்பாவி ஒருவர் மட்டும், "ஓம், பலம்தான்" என்று சொல்லிவிட்டு மாட்டிக்கொள்வார். பிறகு அவருக்குச் சோறில்லை.

"இதென்ன பலம்? இருபத்தேழாம் ஆண்டு ஆடி மாதம் யாழ்ப்பாணம் முற்றவெளிப் பக்கம் அடிச்சதெல்லோ சோளகம்!"

கதை சின்னக் கதைதான். மூன்றாவது செற். ஐந்துக்கு நாலு என்று இவர் முன்னுக்கு நிற்கிறார். இன்னும் ஒரே ஒரு புள்ளி. அது விழுந்தால் கோப்பை இவருக்கு. எதிராளி வலைக்குக் கிட்ட ஓடி வருகிறான். இவர் பந்தை அவன் தலைக்கு மேலாகத் தூக்கிப் போடுகிறார். பந்து போகிறது, போகிறது, சோளகம் அதைத் தள்ளுகிறது, கடைசிக் கோட்டில் விழுகிறது. சுண்ணாம்பு பறக்கிறது. அம்பயர், "வெளி!" என்கிறார்.

பிறகு நடந்ததை இவர் ஒருநாளும் விவரிப்பதில்லை. "தோற்றேன்" என்ற சொல் இவருடைய வாயில் வந்ததே கிடையாது. "ஆட்டம் அந்தப் பக்கம் போட்டுது" என்பார், பக்கத்து வளவுக்குள் போன ஆட்டைச் சொல்வது போல.

இந்தக் கதையைச் சொல்ல ஒரு ரெனிஸ் தரை தேவை. அது எங்கும் கிடைக்கும். செத்தவீட்டு முற்றத்து மணலில், பறை முழங்கிக்கொண்டிருக்க, குடை நுனியால் கோடு கீறியிருக்கிறார். வேலணையில் புதுமனை புகுந்த ஒரு குடிபூரல் வீட்டில் நான் பக்கத்திலே இருந்தேன். இவருக்கு முன் வாழையிலை விரித்ததுதான் தாமதம், நடு நரம்பு வலையாகிவிட்டது, அப்பளம் அம்பயராகிவிட்டது, ஒரு கத்தரிக்காய்த் துண்டை எடுத்து இலையின் விளிம்பில் மெல்ல வைத்து, தயிர் வாளியோடு வந்தவரை மறித்தார்.

"சொல்லும். இது உள்ளையோ, வெளியிலையோ?"

"தயிர் வேணுமோ, வேண்டாமோ?"

"முதல் இதைச் சொல்லும்."

"உள்ளைதான் ஐயா, உள்ளைதான்!"

அவருக்குத் தயிர் தாராளமாக விழுந்தது. எங்கள் வரிசைக்கு வரும்போது வாளி காலி.

இனி, சாட்சி இல்லாமல் வழக்கு நிற்குமோ? சாட்சி சில்வெஸ்ரர். ஊர்காவற்றுறைக் கடற்றொழிலாளி. ரெனிஸ் தரைக்கு வலை பின்னிக் கொடுத்ததும் அவர்தான்; அந்த வலையில் பந்து மட்டுமல்ல, பாரை மீன் வந்தாலும் தப்பாது. இருபத்தேழில் அவர் நூல் வாங்க யாழ்ப்பாணம் போனவர், வள்ளத்துக்கு நேரம் இருந்தபடியால் முற்றவெளி வேலிக்கு வெளியே ஒரு வேப்ப மரத்தின் கீழ் நின்றார். நின்றது கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்துக்குப் பதினொரு வருஷமாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் இன்னொரு சாட்சி உண்டு. இரண்டாம் பரிசாக, வயிற்றில் பெயர் வெட்டிக் கொடுத்த சின்ன வெள்ளிக் கோப்பை. முதலில் அது அலுமாரியில் இருந்தது. பிறகு அவருடைய மனைவி கமலாதேவி அதைக் குசினிக்குக் கொண்டுபோய்ப் புளி போட்டு வைத்தார்.

"என்ன வேலை பாத்தனீர்!" என்று இவர் பதறினார்.

"புளி பட்டால் பளபளப்பாய் இருக்கும். உங்களுக்கு நல்லதுதானே?"

புளி அதிலேயே இருந்தது. கலியாணப் பேச்சின்போதே, "மாப்பிள்ளை பைனல் வரை போனவர்" என்று தரகர் சொல்ல, ஏதோ பெரிய சோதனை பாஸ் பண்ணியவர் என்று நினைத்துச் சம்மதித்த அம்மையார் அவர். அவருக்கும் ஒரு வழக்கு உண்டு. அதற்கு அம்பயர் இல்லை.

இப்படிச் சோளகமும் வாடையுமாக மாறி மாறி அடித்து, முப்பத்தெட்டாம் ஆண்டு ஆடி மாதம் வந்தது. வந்த மாதம் ஒரு செய்தியும் கொண்டுவந்தது. தீவுப் பகுதித் தெருக்களை அளக்க ஒரு நில அளவைக்காரர் வருகிறாராம். பெயர் இலட்சுமணன்.

அன்று வலைக்குக் கிட்ட ஓடி வந்த அதே எதிராளி. இருபத்தேழில் பெரிய கோப்பையை வாங்கியவர்.

ஊருக்குத் திருவிழா வந்தது போல ஒரே புளுகம். விநாயகமூர்த்தியருக்கு மட்டும் ஒரே பயம். ஏன் இராது? பதினொரு வருஷமாக ஊர் நம்பியிருப்பது கோட்டில் விழுந்த ஒரு பந்தை. அந்த மனிதர் வந்து, ஊர் நடுவில் நின்று, "எந்தப் பந்து? அது அரை முழம் வெளியிலையெல்லோ விழுந்தது" என்று ஒரு சொல் சொன்னால்? கந்தோரில் பியோன் சிரிப்பான். சந்தையில் மீன்காரி சிரிப்பாள். வீட்டில் கமலாதேவி சிரிக்கமாட்டார். அது இன்னும் மோசம்.

அன்று பின்னேரமே சாட்சியைக் கூப்பிட்டார்.

"சில்வெஸ்ரர், நீர் எங்கை நிண்டனீர்?"

"வேப்பமரத்துக்குக் கீழை, ஐயா."

"என்னத்தைப் பாத்தனீர்?"

"பந்து கோட்டிலை விழச் சுண்ணாம்பு பறந்ததைப் பாத்தனான்."

"எவ்வளவு சுண்ணாம்பு?"

சில்வெஸ்ரர் தலையைச் சொறிந்தார். "போன வருஷம் ஒரு சிட்டிகை எண்டனான். அளவைக்காரர் வாறபடியால் ஒரு பிடி எண்டு சொல்லட்டோ?"

"சத்தியத்தைச் சொல்லும்!"

"அப்ப ரண்டுக்கும் நடுவிலை சொல்லுறன்."

ஆடிக் கடைசிச் சனிக்கிழமை வந்தது. கோயில் திருவிழாவுக்கும் பெருநாளுக்கும் வராத கூட்டம் கடற்கரைக்கு வந்தது. விநாயகமூர்த்தியர் சப்பாத்துக்கு இரண்டு தரம் வெள்ளை பூசியிருந்தார். காரைநகர்ப் பக்கமிருந்து துறை கடந்து வந்த இலட்சுமணன், கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர், கக்கத்தில் பத்திரிகைத்தாளில் சுற்றிய ஒரு பொதி. வந்தவர் கதிரையில் இருக்கவில்லை. தேத்தண்ணியையும் வாங்கவில்லை. நேரே இவருக்கு முன்னால் வந்து நின்றார்.

"மிஸ்ரர் விநாயகமூர்த்தி, எனக்குப் பதினொரு வருஷமாய் நித்திரை சரியில்லை."

கூட்டம் இன்னும் கிட்ட நெருங்கியது.

"அந்தப் பந்து கோட்டிலைதான் விழுந்தது. நான் கண்ணாலை கண்டனான். அம்பயர் வெளி எண்டார். நான் வாய் திறக்கேல்லை. கோட்டையும் எல்லையையும் அளக்கிற தொழில் எனக்கு. ஒவ்வொரு நாளும் அளவுச் சங்கிலியை இழுக்கேக்கை அந்தக் கோடு வந்து நிக்குது. கோப்பை உங்கடை. பிடியுங்கோ."

பத்திரிகைத்தாளைப் பிரித்தார். பெரிய கோப்பை. இரண்டு காதும் ஒரு மூடியும் உள்ள கோப்பை. சில்வெஸ்ரர் தன்னை அறியாமல் நெஞ்சில் சிலுவை போட்டார்.

இப்போது விநாயகமூர்த்தியருடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பதினொரு வருஷமாகக் கேட்ட தீர்ப்பு கிடைத்துவிட்டது. வழக்கு வென்றுவிட்டது. அப்படியானால் நாளை என்ன பேசுவது? வென்றவரில் என்ன இருக்கிறது? கோப்பையை வாங்குவார், கைதட்டுவார்கள், அடுத்த கிழமை சோளகம் பலமாக அடிக்கும், "இண்டைக்குக் காத்துப் பலம் போலை" என்பார், "ஓம், ஆனால் நீங்கள்தானே வெண்டிட்டியள்" என்று எழும்பிப் போவார்கள். யாரும் மாட்டைக் கட்ட மறந்ததாகப் பொய் சொல்லக்கூடத் தேவையில்லை.

அவர் கோப்பையைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"வெளியிலை" என்றார்.

"என்ன?"

"பந்து வெளியிலைதான் விழுந்தது, மிஸ்ரர் இலட்சுமணன். நாலு விரல் வெளியிலை."

"இல்லை! கோட்டிலை!"

"வெளியிலை எண்டுறன்!"

அப்புறம் நடந்த காட்சியை எந்த நாட்டு ரெனிஸ் தரையிலும் கண்டிருக்கமாட்டார்கள். வென்றவர் மண்ணில் முழங்காலூன்றி, தான் தோற்றதை நிரூபிக்கக் கோடு கீறுகிறார். தோற்றவர் குடை நுனியால் அதை அழித்து, தான் தோற்றதை நிரூபிக்க வேறு கோடு கீறுகிறார். "கண்டனான்!" என்கிறார் ஒருவர். "கண்ணாடி அண்டைக்குப் போட்டிருந்தனீங்களோ?" என்கிறார் மற்றவர். "சாட்சி இருக்கு!" என்று இருவரும் ஒரே குரலில் கத்த, ஊரே சில்வெஸ்ரரைத் திரும்பிப் பார்த்தது.

சில்வெஸ்ரர் கிட்ட வந்து, விநாயகமூர்த்தியருடைய காதோடு, ஆனால் எல்லோருக்கும் கேட்கக் கூடியதாக, கேட்டார்:

"ஐயா, இப்ப சுண்ணாம்பு பறக்க வேணுமோ, பறக்கக் கூடாதோ?"

இலட்சுமணன் கோப்பையைத் திரும்பச் சுற்றினார். "இனி எனக்கு நித்திரை வருமெண்டு வந்தனான்" என்று முணுமுணுத்துக்கொண்டு துறைக்கு நடந்தார். பாவம், வென்றுவிட்டார். இரண்டாம் தரமும்.

வீட்டில் கமலாதேவிக்குச் செய்தி இவருக்கு முந்திப் போயிருந்தது.

"இஞ்சாருங்கோ, பதினொரு வருஷம் கோட்டிலை விழுந்த பந்து, கோப்பை வந்த அண்டைக்கு எப்பிடி வெளியிலை போனது?"

"உமக்கு ரெனிஸ் விளங்காது."

"விளங்க வேண்டாம். இனிமேல் எங்கையாவது கோட்டிலை எண்டு வாய் திறந்தால், நான் பெரிய கோப்பை எங்கையெண்டு கேப்பன்."

எட்டு நாள் ஊரில் யாரும் காற்றைப் பற்றிப் பேசவில்லை. சோளகம் தன்பாட்டுக்கு அடித்தது. விநாயகமூர்த்தியர் கதிரையில் இருந்தார், ஆட்டத்தைப் பார்த்தார், எழும்பிப் போனார். சப்பாத்துக்கு வெள்ளை பூசவில்லை. உங்களுக்கு ஒன்று சொல்லட்டுமா? எங்களுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. அவருடைய கதைக்குப் பயந்து ஓடி ஓடியே நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்த எத்தனையோ பேர் இருட்டும்வரை கடற்கரையில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

ஒன்பதாம் நாள், ஆவணி பிறந்துவிட்டது, ஊரில் ஒரு கலியாணவீடு. இலை விரித்தார்கள். விநாயகமூர்த்தியர் இலையைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். கை மெல்லக் கத்தரிக்காய்க்குப் போனது. எடுத்தார். விளிம்புக்குக் கொண்டுபோனார். உள்ளேயா, வெளியேயா? தயிர்க்காரர் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார்.

கத்தரிக்காயை வாய்க்குள் போட்டுக்கொண்டார். மென்று விழுங்கினார். பிறகு ஒரு வடையை எடுத்து இலைக்கு நடுவில் நிறுத்தி வைத்தார்.

"இதுதான் கோப்பை. இதிலை நான் நிக்கிறன், அதிலை இலட்சுமணன் நிக்கிறார். கோப்பையை நீட்டுறார். எனக்கும் கோப்பைக்கும் இடையிலை எவ்வளவு? ஒரு முழம். கையை நீட்டினால் என்ரை கோப்பை!" பெருமூச்சு விட்டார். "ஆனால் அண்டைக்கு அடிச்ச சோளகத்திலை அந்த மனிசன் சொன்னது ஒண்டும் என்ரை காதிலை சரியாய் விழேல்லை. காத்து மட்டும் அப்பிடி அடிக்காட்டில்..."

பந்தியில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். தயிர் எல்லோருக்கும் கிடைத்தது. அடுத்த சனிக்கிழமை சப்பாத்து வெள்ளை வெளேரென்று வந்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ரெனிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை என்கிறீர்கள், நம்புகிறேன். கிளாக்கர் வேலைச் சோதனையில் இரண்டு புள்ளி குறைந்தது பற்றி நான் கேட்கவில்லை. கொழும்பு டொக்டருடைய சம்பந்தம் சாதகத்தில் தட்டிப்போனதையும் கேட்கவில்லை. எழும்பிக் குசினிக்குப் போய், புளி போட்டு வைத்திருக்கிற பாத்திரத்தை மட்டும் எடுத்துத் துடைத்துப் பாருங்கள்.

அதன் வயிற்றில் ஏதாவது எழுத்து வெட்டியிருக்கிறதோ?

இல்லையோ? நல்லது. "இல்லை, ஆனால்" என்று இழுக்கிறீர்களே, அந்த ஆனாலுக்குப் பிறகு வருவதை என்னிடம் சொல்ல வேண்டாம். எனக்கு மாடு கட்ட வேணும்.